ஒரே துணியில் முப்பது சட்டை

போன மாதம் காரைக்குடியில் புதிதாக வேலைக்கு வந்த எஸ்.ஐ.க்கள் சிலர், அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். காப்பி கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு தம்பி எழுந்து, “சார், உங்க காலத்துல எல்லாத்தையும் அலைஞ்சு திரிஞ்சு கண்டுபிடிக்கணும். இப்ப லேப்ல மேட்ச் ஆயிருச்சுன்னா கேஸ் முடிஞ்சுது. உங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்ல?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் குரல் உயர்ந்து, யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டி என்னை உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, “மாத்திரை போட்டுக்கிட்டுப் போனீகளா இல்லையா?” என்றாள். போட்டுக்கொண்டுதான் போனேன். மாத்திரைக்கு அடங்குகிற கோபம் இல்லை இது. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரன். போலீசில் சேர்ந்து, சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். பயிற்சியில் நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், சுடச் சொல்லிக்கொடுத்தார்கள், கைரேகை எடுக்கவும் ரத்தம் பட்ட துணியை நிழலில் உலர்த்திப் பொட்டலம் கட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆய்வகத்திலிருந்து வருகிற அறிக்கையை எப்படிப் படிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன்தானே என்று விட்டுவிட்டார்கள்.

அதை நான் கற்றுக்கொண்டது தேவகோட்டையில் ஒரு கண்மாயில் மிதந்த பிணத்திடம். முகம் ஊதிப்போயிருந்தது. முதலில் ஒரு குடும்பம் வந்து, எங்கள் அண்ணன்தான் என்று அழுதது. அடுத்த நாள் இன்னொரு குடும்பம் வந்து, எங்கள் அப்பாதான் என்று அழுதது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. வீட்டு ஆளைத் தேடித் தேடிக் களைத்துப்போனவர்களுக்கு எந்த முகமும் தெரிந்த முகம்தான். முதல் குடும்பத்து அண்ணனுக்குக் கையில் பச்சை குத்தியிருந்ததாம். பிணத்தின் கையில் பச்சை இல்லை. அந்த ஒன்று போதும், அவர்களை வீட்டுக்கு அனுப்ப. இரண்டாவது குடும்பத்து ஆளும் இல்லை என்று பிறகு ஆய்வக அறிக்கை சொன்னது. அந்தப் பிணத்தைப் புதைத்தோம். அடையாளம் உறுதியாகாத உடலை எரிக்கக்கூடாது, புதைக்கவேண்டும். நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் தோண்டிக் காட்டமுடியும் அல்லவா? இதற்குச் சட்டப் புத்தகம்கூட வேண்டாம். கொஞ்சம் மனசாட்சி இருந்தால் போதும்.

இனி நான் சொல்லவந்த வழக்கு.

மானகிரியில் பாண்டிச்செல்வி என்று ஒரு பெண். அவள் கணவன் மாணிக்கம், கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீண்டுகிடக்கிற வீடு அது. வீட்டுக்காரர்கள் சென்னையில். வீடு திறப்பது கல்யாணத்துக்கும் முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கும்தான். ஒருமுறை அந்த வீட்டில் பெரிய கல்யாணம் நடந்து, எல்லோரும் கார் ஏறிப் போன மறுநாள், மாணிக்கம் வீட்டுக்கு வரவில்லை. பாண்டிச்செல்வி ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக்கொடுத்தாள். அப்போது அங்கே இருந்தவர்கள் ஆள் காணவில்லை என்று வழக்குப் போட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் படம் ஒட்டினார்கள். அந்த வீட்டுக் கொல்லைக் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. வீட்டுக்கார ஆச்சி, “ஒரு கரண்டிகூடக் காணாமப் போகல. அவன அப்படிச் சொல்லாதீக” என்று சென்னையிலிருந்து போனில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பாண்டிச்செல்வி சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பிறகு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

பல வருடம் கழித்து அந்த வீட்டை ஓட்டல் நடத்துகிற ஒருவர் வாங்கினார். கொல்லைக் கிணற்றைத் தூர் வாரினார்கள். சேற்றோடு எலும்பு வந்தது. அப்போது நான் அந்த ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருந்தேன். இன்ஸ்பெக்டர் இடம் காலியாக இருந்ததால் பொறுப்பும் என்னிடம்தான்.

ஓர் ஆணின் எலும்புக்கூடு. மண்டை ஓட்டின் பின்பக்கம் விரிசல். எலும்போடு சேற்றில் சுருண்டு ஓர் இளநீலச் சட்டை. பாலியஸ்டர் கலந்த துணி, சீக்கிரம் மக்காது. கழுவியதும் காலரில் காரைக்குடித் தையல்கடை ஒன்றின் துண்டு தெளிவாகத் தெரிந்தது. பாண்டிச்செல்வியை வரச் சொன்னோம். மேசைமேல் விரித்திருந்த சட்டையை அவள் தொடக்கூட இல்லை. “இது அவுக சட்டதான். கல்யாணத்துக்குக் குடுத்தது. அன்னைக்கு இதத்தான் போட்டிருந்தாக” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சட்டை ஒன்று. அடுத்தது, மண்டை ஓட்டையும் ஆளின் புகைப்படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிற சோதனை. மாணிக்கத்துக்கு இருந்தது ஒரே படம். ஏதோ விசேஷத்தில் கூட்டத்தோடு நின்றதிலிருந்து ஸ்டுடியோவில் வெட்டிப் பெரிதாக்கி, தாடையைச் சரிசெய்து, முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்த படம். ஆய்வகம் அதை வைத்துப் பார்த்துவிட்டு, மண்டை ஓடு படத்தில் உள்ளவருடையதாக இருக்கக்கூடும் என்று எழுதியது. இருக்கக்கூடும். அவ்வளவுதான். அவர்கள் யோக்கியமாகத்தான் எழுதினார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. மாணிக்கம் இளவட்டமாக இருந்தபோது மஞ்சுவிரட்டில் மாடு தூக்கிப் போட்டு இடது முன்கை ஒடிந்திருக்கிறது. நாட்டு வைத்தியர் கட்டிய கட்டில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. “செம்புல தண்ணி மோந்து குடிச்சாகன்னா முழங்கை அங்குட்டுத் தள்ளிக்கிட்டு நிக்கும்யா” என்று பாண்டிச்செல்வி எனக்கு எழுந்து நின்று செய்தே காட்டினாள். எலும்பைப் பார்த்தது மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டர் அம்மா. இரண்டு முன்கைகளின் எலும்புகளையும் ஜோடி ஜோடியாக வெள்ளைத் துணியில் வைத்தார். நான்கும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. “இந்தக் கை ஒடிஞ்சதே இல்லைங்க” என்றார். “கோணலாக் கூடியிருந்தா எலும்புல கட்டாயம் தெரியும்.” அப்படியே எழுதியும் கொடுத்தார். ஒரு கடைவாய்ப் பல்லையும் தொடை எலும்பில் ஒரு துண்டையும் தனியே எடுத்து வைத்தார். நான் மாணிக்கம் மகளுடைய ரத்தத்தோடு அவற்றை நீதிமன்றம் வழியாக டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினேன்.

சாட்சியங்களை எடை போடுவது என்றால் என்ன என்று அந்தத் தம்பிக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். ஒத்துப்போகிறது என்று பத்து இருக்கலாம். ஒத்துப்போகிறது என்றால், இவனாகவும் இருக்கலாம் என்று மட்டுமே அர்த்தம். இவன் இல்லை என்று உறுதியாக ஒன்று வந்துவிட்டால் அந்தப் பத்தும் காலி. பத்துக்கு ஒன்று என்று எண்ணிப் பார்க்க இது தேர்தல் இல்லை.

சட்டை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்துப் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு நான் எத்தனையோ தடவை பந்தோபஸ்து நின்றிருக்கிறேன். சில வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவு கூட்டத்தில் யார் விருந்தாளி, யாரிடம் தண்ணீர் கேட்கலாம் என்று தெரியவேண்டுமே. தையல்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அந்த வீட்டுக் கல்யாணம் நன்றாக நினைவிருந்தது. “எல்லாம் ஒரே சுருள்ல வெட்டுன துணி சார். முப்பது சட்ட தச்சேன். யாருக்கும் அளவு எடுக்கல, சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு அளவுதான். அந்த வீட்டுக் காரியம் பாக்குற ஏசண்டு வந்து மூட்டையாக் கட்டிக் கொண்டுபோனாக” என்றார்.

முப்பது சட்டை! ஒருத்தி, இது என் கணவன் சட்டை என்கிறாள். அவள் சொல்வது சத்தியம். மற்ற இருபத்தொன்பது பேர் மனைவியும் அதையேதான் சொல்லுவார்கள். வேறு ஊர் போலீஸ் இப்படி ஏமாந்தால் மன்னிக்கலாம். இந்த மண்ணில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட போலீஸ் ஏமாறலாமா?

மாணிக்கம் போக மற்ற இருபத்தொன்பது பேரையும் தேடினேன். டிரைவர்கள், பந்தல்காரர்கள், பரிமாறியவர்கள், சமையல் ஆட்கள். செத்துப்போனவர், சிங்கப்பூர் போனவர் என்று எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தது. ஒருவனைத் தவிர. வேலு என்று பெயர். சமையல் காண்ட்ராக்டரிடம் அடுப்புக்கும் தண்ணீருக்கும் நின்றவன். “கல்யாணம் முடிஞ்ச மறுநா வேன்ல ஏத்தும்போது ஆளக் காணோம் சார். பையக்கூட எடுக்கல. நாலஞ்சு மாசம் பாத்துட்டு நாந்தான் அதத் தூக்கிப் போட்டேன்” என்றார் காண்ட்ராக்டர். எந்த ஊர்க்காரன் என்று கேட்டேன். யோசித்தார். “சேலம் பக்கம்னு சொன்னாப்ல. தருமபுரியாவும் இருக்கலாம்” என்றார். போலீசில் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதற்கெல்லாமா போலீசுக்குப் போவார்கள் என்றிருந்தது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டி.எஸ்.பி.யிடம் போனேன்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கத்தமாட்டார். கெட்ட வார்த்தை பேசமாட்டார். உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்து தானே காப்பி ஊற்றிக் கொடுப்பார். நாம் பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைப்பார். துடைத்து முடித்து மாட்டினார் என்றால் நம் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு கோப்பின் ஓரத்தை மேசையில் தட்டிச் சமமாக்கிவிட்டு, “முடிச்சிருவமா?” என்பார். அதைக் கேள்வி என்று நினைத்துப் பதில் சொன்னவர்கள் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பார்கள். எடுத்தெறிந்து பேசுகிற அதிகாரிகளிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். ராத்திரி தூங்கினால் காலையில் மறந்துபோகும். இந்த மனுஷனுடைய சாந்தம் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். துடைத்தார். மாட்டினார்.

“சட்டையை மனைவி அடையாளம் காட்டியாச்சு. மண்டை ஓடு ஒத்துப்போகுதுன்னு லேப் சொல்லியாச்சு. குடிச்சிட்டுக் கிணத்துல விழுந்திருக்கான். இதுல என்ன குழப்பம் வாத்தியாரே?” என்றார். என்னைக் கிண்டல் செய்யவேண்டுமென்றால் வாத்தியாரே என்பார்.

“ஒத்துப்போகுதுன்னு சொல்லலைங்கய்யா. இருக்கக்கூடும்னுதான் போட்டிருக்காங்க. கை எலும்பு அவன் இல்லைன்னே சொல்லுதுங்கய்யா” என்றேன்.

“எந்தக் கைன்னு அந்தப் பொம்பளைக்கு ஞாபகம் மாறியிருக்கும்.”

“ரெண்டு கையுமே ஒடியலைங்கய்யா.”

அவருக்கு முகம் மாறவே இல்லை. காப்பியை என் பக்கம் நகர்த்தினார். “சரி, உங்க வழிக்கே வர்றேன். கிணத்துல கிடந்தது அந்த வேலு. அதே நாள் மாணிக்கம் மாயம். அப்ப மாணிக்கம் என்ன ஆவான்? கொலைகாரன். அந்தப் பொம்பளை விதவையா இருக்கறது நல்லதா, கொலைகாரன் பொண்டாட்டியா இருக்கறது நல்லதா? கொஞ்சம் மனுஷத்தன்மையோட யோசிங்க வாத்தியாரே” என்றார்.

மனுஷத்தன்மையாம். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாணிக்கம் கொன்றானா, கொலையைப் பார்த்ததால் ஓடினானா, அவனையும் யாராவது கொன்று வேறு எங்காவது போட்டார்களா, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே நமக்குச் சம்பளம்? எது நல்லது என்று அவளுக்காக முடிவுசெய்ய நாம் யார்? “டி.என்.ஏ. முடிவு வர்ற வரைக்குமாவது பொறுக்கலாம்யா. எலும்பை இப்பக் குடுக்கவேண்டாம். குடுத்தாலும் எரிக்கவேண்டாம்னு எழுதிக் குடுப்போம்” என்றேன். கோப்பின் ஓரத்தைத் தட்டினார். “லேப்ல எப்ப வருமோ. வந்தா கோப்புல சேத்துக்கலாம். முடிச்சிருவமா?”

நான் முடிக்கவில்லை. என் சந்தேகங்களை எழுதி அனுப்பினேன். ஒரு திருவிழா பந்தோபஸ்துக்கு என்னை வெளியூர் போட்டார்கள். திரும்பி வந்தபோது புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மாணிக்கம் தவறி விழுந்து இறந்ததாக வழக்கு முடிந்திருந்தது. எலும்புகளைப் பாண்டிச்செல்வியின் அண்ணனிடம் ஒப்படைத்து, மானகிரியில் எரித்தும் ஆகியிருந்தது. ஓட்டல்காரர் கிணற்றை மூடி, மேலே கல் பாவிவிட்டார்.

பாண்டிச்செல்விக்குத் தாலி இறக்கியதைப் பற்றி ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் சொன்னார். இறக்க முடியாது என்று அவள் அடம்பிடித்தாளாம். “போலீசே எழுதிக் குடுத்துருச்சு, இனி என்ன நீ” என்று சொந்தக்காரப் பெண்கள் பிடித்துவைத்து இறக்கினார்களாம். எனக்கு அடுத்த மாதமே மாறுதல் வந்தது.

பணியின் கடைசி வருடம் இன்ஸ்பெக்டராக அதே ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். போன முதல் நாள் கேட்டது அந்தக் கோப்பை. டி.என்.ஏ. முடிவு வந்திருந்தது. வந்து வருடங்கள் ஆகியிருந்தன. பல்லும் எலும்பும் அந்தப் பெண் பிள்ளையின் தகப்பனுடையவை அல்ல. இங்கே ‘கூடும்’ எதுவும் இல்லை. யாரோ அதைக் கோப்பின் கடைசியில் நூல் கோத்துக் கட்டி, பார்த்தாயிற்று என்று சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள். வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று டி.எஸ்.பி. சொன்னபடியே சேர்த்துவிட்டார்கள்.

வழக்கைத் திறக்கவேண்டும் என்று எழுதினேன். எலும்பு எரிந்துவிட்டதே, எதை வைத்துத் திறப்பது என்று கேட்டார்கள். எரித்தது யார் என்று திருப்பிக் கேட்டேன். வேலுவின் சொந்தங்களைத் தேட சேலத்துக்கும் தருமபுரிக்கும் ஆள் அனுப்பச் சொன்னேன். வேலு என்ற பெயரைத் தவிர என்ன இருக்கிறது என்றார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் தேடியிருந்தால் காண்ட்ராக்டரின் ஆட்கள் நாலு பேர் உயிரோடு இருந்தார்கள். அவன் காணாமல்போன அந்தச் சில மாதங்களுக்குள் தேடியிருந்தால் அவனுடைய பையே இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கிறவர்கள்தான் ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கியவர்கள். அந்த டி.எஸ்.பி. மேலே மேலே போய், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்தப் பெண்ணிடம் இப்போது போய்ச் சொல்லவேண்டாம், ஆறிப்போன புண்ணைக் கிளறாதீர்கள் என்று நல்லெண்ணத்தோடு சிலர் சொன்னார்கள். ஆறிப்போனது என்று இவர்கள் எப்போது போய்ப் பார்த்தார்கள்? நான் மானகிரிக்குப் போனேன்.

பாண்டிச்செல்வி அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் அரிசி இருந்தது. என்னை அடையாளம் தெரிந்து எழுந்தாள். “வாங்கய்யா, எப்ப வந்தீக?” என்றாள். மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம் முடிந்ததைச் சொன்னாள். தான் மேடைக்குப் போகவில்லையாம். பந்தலுக்குப் பின்னால், சமையல்காரர்கள் பக்கம் நின்று பார்த்தாளாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. கிணற்றில் இருந்தது மாணிக்கம் இல்லை என்று சொன்னேன். அனேகமாக வேலு என்ற சமையல் ஆள் என்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். கூட இருந்த பெண்ணை வெளியே போகச் சொன்னாள்.

“அப்ப இத்தன வருசமா எல போட்டுப் படைச்சதெல்லாம் யாருக்குய்யா?”

முறத்தை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு அவளே அடுத்ததைக் கேட்டாள்.

“அந்த மனுசனுக்கு ஆத்தா அப்பன் இருக்காகளா?”

“தெரியாதும்மா.”

“சரி. படைக்க ஆளில்லாதவுகளுக்குப் படைச்சதாப் போகட்டும்.” அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “எங்க வீட்டுக்காரக உசுரோட இருக்காகளா?”

“தெரியாதும்மா.”

“அவுகதான் அந்த ஆளக் கொன்னாகளா?”

“அதுவும் தெரியாதும்மா. அப்பவே தேடியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த கோபத்துக்கு முன்னால் இத்தனை வருடம் நான் பட்ட கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. விரலை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப இப்ப நான் பொட்டு வைக்கவா, வேணாமா? அதையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்கய்யா. அழிக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது நீங்கதானே.”